உலோக சாஸ்திரச் சங்கம் நமக்கு ஏன் வேண்டும்?

(சேலத்தில் வெள்ளிப் பட்டறைத் தோழர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், இரும்பல்லாத உலோகங்களின் சாஸ்திரத்துக்காக ஏற்பட்ட சங்கங்களைப் பற்றியதாகும். இந்தத் தலைப்பை நோட்டீசில் பார்த்த ஒரு தோழர், "ஐயா, பட்டறையில் உட்கார்ந்து கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவனுக்கும் சாஸ்திரச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அது காலேஜ் படித்தவர்கள் நாற்காலி போட்டுப் பேசுகிற காரியமல்லவா?" என்று வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லுவதுதான் இன்றைய என் வேலை. என் பதில் சரியில்லை என்று பட்டால் கூட்ட முடிவில் தாராளமாய் எழுந்து கேட்கலாம். நான் மேடையில் நிற்கிறேன் என்பதற்காக நான் சொல்லுவதெல்லாம் மெய்யாகிவிடாது.

முதலில் இரும்பல்லாத உலோகம் என்றால் என்ன என்று பார்ப்போம். செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், காரீயம், அலுமினியம், வெள்ளி, பொன் ஆகிய இவைகளும், இவைகளைக் கலந்து செய்த பித்தளை, வெண்கலம் முதலியவைகளும்தான். உங்கள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தண்ணீர்க் குடம் பித்தளை. சோற்றுப் பானை அலுமினியம். மின்சாரக் கம்பி செம்பு. வீட்டுக்காரியின் காலில் கொலுசு வெள்ளி. நாமக்கல்லுக்குப் போனால் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் அலுமினியத் தகடு. ரேடியேட்டர் பற்றவைக்கிற கடையில் ஈயம். பாட்டரிக் கடையில் மறுபடியும் ஈயம். ஆகவே இந்தச் சேலம் நாமக்கல் சீமையில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் இந்த உலோகங்களை நம்பியே பிழைக்கின்றன. பிழைப்பைக் கொடுக்கிற பொருளைப் பற்றிய அறிவு மட்டும் யாரோ சிலருடைய சொத்தாயிருக்க வேண்டுமென்பது என்ன நியாயம்?

உலோகமும் ஜாதியும்

தோழர்களே! நம் நாட்டில் உலோகம் வெறும் உலோகமாக என்றைக்கும் இருந்ததில்லை. அதற்கும் ஜாதி கற்பித்தார்கள், கிரகம் கற்பித்தார்கள், தீட்டுக் கற்பித்தார்கள். செம்பு சூரியனுக்கு என்றார்கள். இரும்பு சனிக்கு என்றார்கள். ஐம்பொன் என்றால் ஐந்து உலோகமும் சமமாய்ச் சேர்ந்த ஏதோ ஒரு மகிமை என்று நம்பினோம். பழைய வெண்கலச் சிலைகளை இக்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துப் பார்த்ததில் பெரும்பங்கு செம்பும், கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும் இருப்பதாகவும், பொன்னும் வெள்ளியும் மிகமிகச் சொற்பமென்றும் கண்டிருக்கிறார்கள். வார்த்தவனுடைய கைத்திறமை பெரிது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தத் திறமையை மறைத்துவிட்டு, மகிமையை உலோகத்தின்மேல் ஏற்றிவைத்ததைத்தான் சொல்லுகிறேன்.

இன்னும் ஒன்று சொல்லுகிறேன். 1930-ஆம் வருஷம் டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஹட்டன் என்கிற ஜனக்கணக்கு அதிகாரி இதைத் தம் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். பொன் வெள்ளி நகை போடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. வீட்டில் மண் பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக்கூடாது என்பது மற்றொன்று. யோசித்துப் பாருங்கள்! செம்புக்கும் பித்தளைக்கும் யார் கைபட்டது என்பது தெரியுமா? மண்ணுக்குள்ளிருந்து வந்த ஒரு பொருளை, ஒரு மனிதன் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட வைத்துக்கொள்ளக்கூடாது என்று இன்னொரு மனிதன் கட்டளையிடுகிறான் என்றால், அங்கே உலோகம் கருவியாயில்லை, விலங்காயிருக்கிறது. அந்தக் கட்டளையை மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது அப்படிக் கட்டளையிட யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பாண்டம் எல்லார் வீட்டுக்கும் வந்த அளவுக்குப் பாண்டத்தைப் பற்றிய அறிவு எல்லார் வீட்டுக்கும் வந்ததா என்றால், வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இரகசியத்தால் அழிந்த தொழில்

நம்மில் சிலர், "எல்லாம் நம் முன்னோர்களுக்கு முன்னமேயே தெரியும்" என்று பெருமை பேசுவதுண்டு. துத்தநாக விஷயத்தில் அது ஓரளவு மெய்தான். அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு பெருமைப்படலாம்.

துத்தநாகத்தைக் கல்லிலிருந்து பிரிப்பது கஷ்டமான காரியம். செம்பைப்போல உருகி உலையின் அடியில் தங்காது. கல்லிலிருந்து அது பிரிவதற்கு வேண்டிய சூட்டில் அது ஆவியாகவே வெளிவரும். ஏனெனில் அது 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளிவந்த ஆவி காற்றுப் பட்டவுடன் எரிந்து வெள்ளைத் தூளாய்ப் போய்விடும். இதற்கு இராஜஸ்தானத்தில் உதயபூருக்குப் பக்கத்திலுள்ள ஜாவர் என்கிற ஊரில் ஒரு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் மண் குடுவை செய்து, அதில் கல்லை அடைத்து, தலைகீழாய் நிறுத்தி, மேலே நெருப்பும் கீழே குளிர்ச்சியுமாக வைத்து, ஆவியைக் கீழ்நோக்கி வடித்து, காற்றுப் படாமலேயே உலோகமாக்கினார்கள். பல நூற்றாண்டுகள் இத்தொழில் பெரிய அளவில் நடந்தது. சீமையில் வில்லியம் சாம்பியன் என்பவர் இதேமாதிரி கீழ்நோக்கி வடிக்கும் முறைக்குப் பேட்டெண்டு வாங்கினது 1738-ல்தான். இதுவரைக்கும் பெருமைப்படுங்கள், நானும் சேர்ந்து பெருமைப்படுகிறேன்.

பிறகு நடந்தது என்ன? யுத்தமும் பஞ்சமும் வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவரில் அடுப்பு அணைந்தது. அடுப்போடு அறிவும் அணைந்தது. 1960-களின் பிற்பகுதி வரையில் நாம் பித்தளைக்கு வேண்டிய துத்தநாகத்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தோம். வேலை தெரிந்தவன் கையில் எழுத்தில்லை. எழுத்துத் தெரிந்தவன் நெருப்புப் பக்கம் வரவில்லை. தகப்பன் மகனுக்குச் சொன்னான், மகன் பஞ்சத்தில் போனான், அத்தோடு தீர்ந்தது. ஒரு குடும்பத்துக்குள்ளே பூட்டிவைத்த அறிவு, அந்தக் குடும்பத்தின் ஆயுளுக்கு மேல் இருக்காது.

சங்கம் என்ன செய்தது?

இனி மேல்நாட்டார் செய்ததைப் பார்ப்போம். இங்கிலாந்தில் இரும்புக்காரர்களுக்கு 1869-லேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. செம்பு பித்தளைக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. 1908-ல் உலோகச் சங்கம் என்பதாக ஒன்று பர்மிங்காம் பட்டணத்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சர் வில்லியம் ஒயிட் என்பவர். அவர் உலோகக் கடைக்காரரல்ல. கப்பல் கட்டும் நிபுணர். கப்பல்காரருக்குப் பித்தளையில் என்ன கவலை என்று கேட்பீர்கள். நீராவிக் கப்பலில் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குவதற்குப் பித்தளைக் குழாய்கள் இருக்கும். குழாய்க்கு வெளியே ஆவி, உள்ளே கடல்நீர். அந்தக் குழாய்கள் அடிக்கடி அரித்து ஓட்டையாகிவிடும். நடுக்கடலில் ஓட்டை விழுந்தால் கப்பல் நின்றுபோகும். ஆகையால் இந்தச் சங்கம் சீக்கிரத்திலேயே அரிப்பைப் பற்றி ஆராய ஒரு கமிட்டியை ஏற்படுத்திற்று. பித்தளையில் உள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, செம்பு கடற்பஞ்சுபோல் நின்றுவிடுகிறது என்பதும், ஒரு சொற்பப் பங்கு பாஷாணச் சத்தைப் பித்தளையில் சேர்த்தால் அது தடுக்கப்படுகிறது என்பதும், இப்படிப் பலர் பல வருஷம் பார்த்து எழுதினதால் விளங்கின சங்கதிகள்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் இந்தியாவை ஆண்ட காலத்தில் பட்டாளத்துத் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் தட்டவில்லை, யாரும் சுடவில்லை, பெட்டியில் இருந்தபடியே கீறல். மழைப் பருவத்தில் வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். நம் வீட்டில் பித்தளைக் குடம் தானாகக் கீறல் விட்டால் என்ன சொல்லுவோம்? அபசகுனம் என்போம், கண் பட்டது என்போம், குடத்தை மாற்றிவிட்டுப் பூசணிக்காய் உடைப்போம். அடுத்த குடமும் வெடிக்கும்; அதற்கு இன்னொரு பூசணிக்காய்.

மூர், பெக்கின்சேல் என்கிற ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வெடிப்பை விசாரித்து 1921-ல் மேற்படி உலோகச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்கள். அவர்கள் கண்டது என்ன? தோட்டாக் கூட்டைத் தகட்டிலிருந்து இழுத்து வார்க்கும்போது பித்தளைக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. மழைக்காலத்து ஈரத்தில், பக்கத்துக் குதிரை லாயத்தின் மூத்திரத்திலிருந்து கிளம்பும் நவச்சார வாயு அந்தப் பித்தளையின்மேல் படுகிறது. உள்ளே இறுக்கமும் வெளியே வாயுவும் சேர்ந்தால் வெடிப்பு. மருந்து என்ன? இழுத்து முடித்த பிறகு பித்தளையை இலேசாகச் சூடு காட்டி உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் போதும். தோழர்களே, இதில் பேயில்லை, பிசாசில்லை, குதிரை மூத்திரம்தான்! ஆனால் அதைக் குதிரை மூத்திரம் என்று கண்டுபிடிக்கத்தான் சங்கம் வேண்டியிருந்தது.

சங்கம் என்ன புதிதாகச் செய்துவிட்டது என்று கேட்டால், ஒரே ஒரு காரியம்தான் செய்தது. கெட்டுப்போன வேலையை ஒளித்துவைக்காமல் மேஜைமேல் கொண்டுவந்து வைக்கும்படி செய்தது. ஒருவன், "என் குழாய் இந்தக் கடலில் இத்தனை மாதத்தில் அரித்தது" என்றான். மற்றவன், "என் குழாய் அரிக்கவில்லை, அதில் இன்னின்ன பங்கு கலப்பு" என்றான். கேட்டவன் நம்பவில்லை; தானும் செய்து பார்த்தான். அதையும் அச்சிட்டார்கள். சொன்னவன் பிரபுவா, பட்டறைக்காரனா என்பது கணக்கில்லை. சொன்னது மறுபடி செய்தால் வருகிறதா என்பதுதான் கணக்கு. இந்த ஒரு பழக்கத்தைப் பகுத்தறிவு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லுவது? அந்தச் சங்கம் 1974-ல் இரும்புக்காரர் சங்கத்தோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. பெயர் மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

நம் நாட்டில்

நம் தமிழ்நாட்டிலும் வேலை நடக்காமல் இல்லை. 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கினார். தகடு வெளிநாட்டது, வேலை நம்மவருடையது. அந்தப் பாத்திரங்கள்தான் பிறகு ஏழைகள் வீட்டுக்குள் நுழைந்தன. 1946-ல் உலோகச் சாஸ்திரத்துக்கென்றே இந்திய உலோகவியல் கழகம் என்கிற சங்கம் ஏற்பட்டு, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, பல பட்டணங்களில் கிளைகளுடன், இரும்பையும் மற்ற உலோகங்களையும் பற்றிய ஆராய்ச்சிகளை அச்சிட்டு வருகின்றது. அது நல்ல கைங்கரியம். ஆனால் அதில் வரும் கட்டுரைகள் இங்கிலீஷில் இருக்கின்றன. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பட்டம் பெற்றவர்கள். அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அங்கிருந்து பட்டறைக்கு ஒரு பாலம் இல்லாததுதான் குறை.

மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் என்கிற செம்மண் கல் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு டன் கல்லில் இரண்டு டன் அலுமினா என்கிற வெள்ளைத் தூளும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கும். தூளை உலோகமாக்குவதற்கு வேண்டியது மின்சாரம். ஒரு கிலோவுக்குப் பதினான்கு பதினைந்து யூனிட் செலவாகும். இந்த முறையை 1886-ல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்தபோது இருவருக்கும் வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதான். மலையில் கல், அணையில் மின்சாரம் என்பதால் 1965-ல் மேட்டூரில் அலுமினிய ஆலை ஓடத் தொடங்கிற்று. 2008-ல் அதன் உருக்காலை நிறுத்தப்பட்டுவிட்டது. நாற்பத்துமூன்று வருஷம்! நம் மலையின் கல்லும் நம் ஆற்றின் ஓட்டமும் செலவாயின. கூலி வந்தது, அதை மறுக்கவில்லை. ஆலை நின்ற பிறகு கூலியும் நின்றது. கூலி நின்றாலும் நிற்காமல் மிஞ்சவேண்டியது அறிவல்லவா? அந்த உலையின் முன்னால் நின்றவர்கள் கண்டதையும் கற்றதையும் தமிழில் எழுதி ஊருக்கு வைக்கும்படி ஒரு சங்கம் அன்றைக்கே இருந்திருந்தால், ஆலை மூடின பிறகும் அந்தப் புத்தகம் திறந்திருக்கும்.

நம் உலையின் முன்னால்

இனி நம் வேலைக்கு வருகிறேன். சேலத்துக் கொலுசு என்றால் நாடெங்கும் பெயர். சிவதாபுரத்திலும், பனங்காட்டிலும், குகையிலும் வீட்டுக்கு வீடு பட்டறை. உருக்குகிறவர், கம்பி இழுக்கிறவர், வளையம் கோக்கிறவர், பொடி வைத்து ஊதுகிறவர், மெருகு போடுகிறவர் என்று ஒரு கொலுசு பல கைகளைக் கடந்து வருகிறது. இதில் பொடி வைக்கிற வேலையை மட்டும் பார்ப்போம்.

சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். வளையத்தை வளையத்தோடு ஒட்டவைக்க வேண்டுமானால், வளையம் உருகாமல் பொடி மட்டும் உருகவேண்டும். ஆகவே பொடியில் வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்து சூட்டைக் குறைக்கிறார்கள். இன்னும் சுலபமாய் ஓடவேண்டுமென்று காட்மியம் என்கிற உலோகத்தையும் சேர்ப்பதுண்டு. தங்க வேலைக்காரர்கள் கே.டி.எம். என்று சொல்லுவது இதைச் சேர்த்த பற்றைத்தான். வெள்ளிக்கென்று பெயர்போன ஒரு காட்மியப் பற்றில் நூற்றுக்கு வெள்ளி 50, காட்மியம் 18, மிச்சம் செம்பும் துத்தநாகமும். அது ஏறக்குறைய 630 டிகிரியில் தண்ணீர்போல் ஓடும். வேலை சுலபம், பார்வைக்கு அழகு.

ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்துவிடும். ஊதுகுழல் நெருப்பு அதைவிட எவ்வளவோ சூடு. கொஞ்சம் அதிகம் ஊதினால் காட்மியம் புகையாய்க் கிளம்பும்; ஆறின இடத்தில் பழுப்பாய்ப் படியும். அந்தப் புகை மூக்குக்குள் போனால் அப்போதே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சடைப்பு என்று வரும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்து உயிரைக் கொண்டுபோகும். கொஞ்சம் கொஞ்சமாய் வருஷக்கணக்கில் போனால் மூத்திரக்காய் கெடும், எலும்பு பலவீனப்படும், நுரையீரலில் புற்று வரும். ஒருதரம் உடம்பில் சேர்ந்த காட்மியம் பாதி வெளியேறப் பத்து முப்பது வருஷம் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரத்து ஜனங்கள் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் கலந்த தண்ணீரையும் அரிசியையும் உண்டு எலும்பு முறிந்து அலறின வியாதியை, 1968-ல் அந்நாட்டுச் சர்க்கார் காட்மியத்தால் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் 2011 டிசம்பர் முதல் நகைகளிலும் பற்றுகளிலும் காட்மியத்தைத் தடுத்துவிட்டார்கள்.

தோழர்களே! என் சித்தப்பா முப்பது வருஷம் ஒரு பட்டறையில் பொடி வைத்து ஊதினவர். மழைக்காலம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்த ஒரு நாள் இராத்திரி, அவருக்குக் குளிர்காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தது. காற்றுக் கருப்பு என்று வீட்டில் மந்திரித்தார்கள். நான்கு நாள் கழித்து எழுந்து மறுபடியும் அதே உலையின் முன்னால் உட்கார்ந்தார். பல வருஷங்களுக்குப் பின் மூத்திரக்காய் கெட்டு இறந்துபோனார். காட்மியம்தான் அவரைக் கொன்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஏனென்றால் அவர் ஊதின பொடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் கூலி கொடுத்தவருக்கும் தெரியாது. பார்த்த வைத்தியரும் கேட்கவில்லை. தெரியாமலேயே முப்பது வருஷம் ஊதினார், தெரியாமலேயே போனார். அவருடைய சாவைவிட இந்தத் தெரியாமைதான் என்னை அதிகம் வருத்துகிறது. இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் பொடியில் என்ன இருக்கிறதென்று தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (மூன்று பேர் கை தூக்கினார்கள்.) இவ்வளவு பெரிய கூட்டத்தில் மூன்று பேர்! "பொடி வைத்துப் பேசுகிறான்" என்று உலகத்தார் நம் தொழிலிலிருந்துதான் சொல் எடுத்துக்கொண்டார்கள். பொடி வைக்கிற நமக்கே அந்தப் பொடி இரகசியமாயிருக்கிறது!

மாற்று இல்லாமலில்லை. நூற்றுக்கு வெள்ளி 56, செம்பு 22, துத்தநாகம் 17, வெள்ளீயம் 5 சேர்த்த பற்று ஒன்று இருக்கிறது. அதில் காட்மியம் கிடையாது. 618 டிகிரிக்கும் 652 டிகிரிக்கும் நடுவில் உருகி ஓடுகிறது. "விலை அதிகமாச்சே" என்பார்கள். கணக்குப் போடுங்கள். பத்துக் கிராம் பொடியில் 5 கிராம் வெள்ளி இருந்த இடத்தில் 5.6 கிராம் ஆகிறது. அதிகமாவது 0.6 கிராம் வெள்ளி. அதுவும் புகையாய்ப் போகவில்லை. கொலுசிலேயே இருந்து மாற்றை உயர்த்துகிறது. காட்மியமோ புகையாகி உங்கள் நெஞ்சுக்குள் போகிறது. எது நஷ்டம்?

ஈய விஷயமும் இப்படித்தான். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசவேண்டியது வெள்ளீயம், அது 232 டிகிரியில் உருகும், தீங்கு செய்யாது. காரீயம் மலிவு, ஆனால் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம், அதில் இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்லுகிறார்கள். இரண்டையும் ஈயம் என்ற ஒரே பெயரால் வாங்குகிறோம், விற்கிறோம். பெயரில் உள்ள சோம்பல் சோற்றில் விஷமாகிறது.

ஆட்சேபனைகளுக்குப் பதில்

"படிக்காத நாங்கள் சாஸ்திரச் சங்கம் நடத்த முடியுமா?" என்று கேட்கலாம். உரைகல்லில் ஒரு கீறலைப் பார்த்து மாற்றுச் சொல்லுகிறவன் படிக்காதவனா? நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லுகிறவனுக்கு அறிவில்லையா? உங்களிடத்தில் இல்லாதது அறிவல்ல. எழுதிவைக்கும் பழக்கமும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கமுமே.

"தொழில் இரகசியம் வெளியே போய்விடுமே" என்று கேட்கலாம். நகையின் வேலைப்பாட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்கவில்லை. புகையைப் பற்றிய சங்கதியில் இரகசியம் என்ன இருக்கிறது? ஜாவரின் கதையை மறந்துவிடாதீர்கள்.

"எல்லாம் தலைவிதி, சாகிறவன் சாவான்" என்றும் சொல்லலாம். விதி என்றால் அது ஊதுகிறவனுக்கு மட்டும் ஏன் வருகிறது? கடையில் உட்கார்ந்து கொலுசு விற்கிறவனுக்கு ஏன் வருவதில்லை? புகை போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகிற விதி, புகையல்லாமல் வேறென்ன?

செய்யவேண்டியது

ஆகையால் தோழர்களே, பெரிய கட்டடமும் பெரிய பெயரும் வேண்டியதில்லை. மாதம் ஒருநாள் கூடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வெடித்த வளையம், ஒட்டாத பற்று, கறுத்த வெள்ளி, வந்த காய்ச்சல் எல்லாவற்றையும் தேதி போட்டு, என்ன பொடி, எந்தக் கடை, கதவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்பது உள்பட எழுதிவையுங்கள்.

இரண்டாவது, பொடி விற்கிறவரிடம் அதில் என்னென்ன எத்தனை பங்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார். நூறு பேர் சேர்ந்து கேட்டால் எழுதிக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் ஆளுக்குச் சில ரூபாய் போட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பாருங்கள்.

மூன்றாவது, உலைக்கு மேல் அல்ல, உலைக்குப் பக்கத்திலேயே புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி வையுங்கள். புகை உங்கள் மூக்கைத் தாண்டிப் போய்ப் பிறகு கூரையில் வெளியேறுவதால் பிரயோஜனமில்லை. முகத்தில் துண்டு கட்டுவதும் போதாது. அந்தப் புகையின் தூள் துணியின் இழையைவிட நுண்ணியது. உலை பக்கத்தில் சாப்பிடாதீர்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கே உட்காரவைக்காதீர்கள்.

நான்காவது, வருஷம் ஒருதரம் எல்லோரும் சேர்ந்து போய் மூத்திரமும் மூத்திரக்காயும் சோதித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே, "நான் பொடி வைத்து ஊதுகிறவன்" என்று சொல்லுங்கள்.

ஐந்தாவது, காலேஜ்களிலும் மேற்படி உலோகவியல் கழகத்திலும் உள்ள நிபுணர்களை அழைத்துத் தமிழில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லுவதைக் கேளுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் அவர்களிடம் காட்டுங்கள். அவர்களிடம் இல்லாத சங்கதி அதில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சங்கத்தில் சேர ஜாதி கேட்காதீர்கள். வளையம் கோக்கிற பெண்களைக் கூலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அதே புகையைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள். ஒரு காலத்தில் மண் பாண்டத்தைத் தவிர வேறு தொடக்கூடாதென்று விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று வெள்ளி வேலை செய்கிறார்கள். வெள்ளியைத் தொடும் உரிமை வந்துவிட்டது. வெள்ளியோடு வரும் விஷத்தை அறியும் உரிமையும் வந்தால்தான் அது முழு உரிமையாகும்.

வாசலில் என்னைக் கேட்ட தோழர் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுவது இதுதான்: ஐயா, இந்தச் சாஸ்திரச் சங்கத்துக்கு நாற்காலிகூட வேண்டாம், உங்கள் உலையின் முன்னால் இருக்கிற பலகையே போதும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பொடி டப்பாவை எடுத்துப் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே சங்கம் ஆரம்பமாகிவிட்டது.